எந்த மேட்டிலிருந்து எழும்புவாள்

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. கோயிலில் பாதிரி ஐயர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருப்பார், என் கால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருக்கிறவள் என் முழங்காலில் கை வைத்து அழுத்துவாள். "இன்னாம்மா, கால்ல மெஷின் கட்டிக்கினு வந்துக்கிறியா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். என்ன செய்ய, பிறவி அப்படி. அதிலும் லெந்து என்கிற நாற்பது நோன்பு நாட்கள் ஓடி, பெரிய வெள்ளியும் முடிந்து, சனிக்கிழமை விடிந்துவிட்டதென்றால் என்னைக் கயிறு போட்டுக் கட்டினாலும் வீட்டில் நிறுத்த முடியாது. அன்றைக்குத்தான் கல்லறைக்குச் சுண்ணாம்பு.

எங்கள் சபையில் அது வழக்கம். ஈஸ்டருக்கு முந்தின நாள் அவரவர் கல்லறைக்கு அவரவர் போய், புல்லைப் பிடுங்கி, சரிந்த மண்ணை ஏற்றி, சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். மறுநாள் விடியற்காலையில் சபையே மெழுகுவர்த்தியோடு அங்கே கூடும். அவரவர் ஆட்களின் தலைமாட்டில் நின்று, ஆண்டவர் உயிர்த்தெழுந்ததைப் பாடுவோம். கல் வைத்துப் பெயர் வெட்டினவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. நாங்களெல்லாம் மண்மேட்டுக்காரர்கள். ஒரு மரச்சிலுவை நடுவோம், இரண்டு மழைக்குள் கறையான் தின்றுவிடும். அதற்கப்புறம் அந்த மேடு யாருடையது என்பதற்குச் சுண்ணாம்பு ஒன்றுதான் சாட்சி. வெள்ளையாக இருந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மூன்று வருஷம் வெள்ளை காணாமல் கிடந்தால், குழி வெட்டுகிறவர் அதைத் திறந்து வேறு பெட்டியை இறக்கிவிடுவார். இடம் இல்லை, அவரும் என்ன செய்வார்?

நான் சொல்வது சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் நடந்த கதை. பெங்களூர் நீலசந்திராவில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் மிலிட்டரி டிப்போவில் ஃபிட்டர். நான் சிவாஜிநகரில் ஒரு தையல் கடையிலிருந்து சட்டைகளை மூட்டையாகக் கட்டி எடுத்து வந்து, காஜா எடுத்து, பட்டன் கட்டித் திருப்பிக் கொடுப்பேன். எங்களுக்கு ஒரே பெண். நாலு வயது. அதற்குப் பின் எங்களுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை.

அவள் வாயாடி. வீட்டுக்குள்தான் வாய். வெளியே காலெடுத்து வைத்தால் போதும், என் முந்தானைக்குள் புகுந்துகொள்வாள். ஒரு தடவை சிவாஜிநகர் மார்க்கெட்டில் கை நழுவிவிட்டது. ஐந்து நிமிஷம்கூட இருக்காது. துணிக்கடைக்காரர் ஒருவர் பாவப்பட்டுத் தூக்கப் போயிருக்கிறார், அவர் கையைக் கடித்து வைத்துவிட்டாள். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, சுற்றி நின்ற அத்தனை பேரும் வாய்க்கு வந்தபடி சமாதானம் சொல்ல, இவள் நடுவில் நின்று வீறிட்டுக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட பயந்தாங்குளி. வேறு யாரிடமும் போகமாட்டாள்.

அந்த வருஷம் மழைக்குப் பின் விஷக்காய்ச்சல் வந்தது. முதலில் அவளுக்கு, இரண்டு நாள் கழித்து எனக்கு. இரண்டு பேரையும் தொத்துநோய் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அவளைக் குழந்தைகள் வார்டில், என்னைப் பொம்பளைகள் வார்டில். எனக்கு நினைவு தப்பிவிட்டது. நினைவு வந்தபோது அவள் இல்லை. தொத்துவியாதி என்பதால் வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகவிடாமல், ஆஸ்பத்திரியிலிருந்தே நேராகக் கல்லறைக்கு அனுப்பிவிட்டார்களாம். என் பெண்ணைக் குளிப்பாட்டவில்லை, ஒரு பூ வைக்கவில்லை. அவள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் வீட்டுக்காரரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எங்க வெச்சீங்க?" என்பதுதான். அவர் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்க் காட்டினார். கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு புங்க மரம் உண்டு. அதிலிருந்து மூன்றாவது சின்ன மேடு. "இங்கதாமே" என்றார். ஐயர் ஊரில் இல்லாததால் அவருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார்தான் ஜெபம் பண்ணினார் என்றார், நீலக் கவுன் போட்டிருந்தாள் என்றார். நான் அந்த மேட்டின்மேல் விழுந்து புரண்டேன்.

அன்றிலிருந்து அந்த மேடுதான் எனக்கு எல்லாம்.

எனக்கு உயிர்த்தெழுதலில் சந்தேகம் கிடையாது. இன்றைக்கும் கிடையாது. ஆனால் அது எப்படி நடக்கும், யார் எந்தப் பக்கம் வருவார்கள், எங்கே நிற்பார்கள் என்கிற விவரங்கள்தான் சின்ன வயதிலிருந்து என்னைப் பிய்த்துத் தின்னும். நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். என் சித்தப்பா சுரங்கத்தில் பாறை சரிந்து உள்ளேயே போய்விட்டார், உடம்பை மேலே கொண்டுவர முடியவில்லை. எட்டு வயதில் அம்மாவைக் கேட்டேன்: "கடைசி நாள்ல எக்காளம் ஊதினா அவ்வளோ ஆழத்துல சித்தப்பாவுக்குக் கேக்குமா? அன்னிக்கி கூண்டு ஓடலன்னா எப்படி மேல வருவாரு?" சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குவதற்குக் கூண்டு என்றுதான் பெயர். அம்மா முதுகில் இரண்டு வைத்தாள்.

அந்தக் கேள்வி இப்போது என் பெண்ணிடம் வந்து நின்றது. அந்த நாள் வரும், மண் திறக்கும், அவள் எழுந்து உட்காருவாள். சுற்றிலும் யார்? யாரோ தாத்தா, யாரோ பட்டாளத்துக்காரன், யாரோ மீசைக்காரர். ஊர்ப்பட்ட கூட்டம். அவள் வீறிடுவாளே! நான் பக்கத்தில் இருக்க வேண்டாமா? அதனால் அவள் மேட்டுக்கு ஒட்டினாற்போல் ஓர் ஆள் படுக்கிற இடத்தை எனக்கென்று பிடித்து வைத்தேன். நாலு மூலையிலும் செங்கல் நட்டேன். குழி வெட்டுகிறவரிடம், "இதுல யாரையாவது படுக்கப் போட்டே, உன்னையும் சேர்த்துப் பொதைச்சுடுவேன்" என்று சொல்லி வைத்தேன். அவர் சிரிப்பார். நான் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

வீட்டுக்காரர் மட்டும் ஈஸ்டர் விடியற்காலைக்கு வரவே மாட்டார். ஒரு வருஷம் ஷிஃப்ட், ஒரு வருஷம் வயிற்றுவலி, ஒரு வருஷம் சைக்கிள் பஞ்சர். ஒவ்வொரு குடும்பமும் ஜோடி ஜோடியாக மெழுகுவர்த்தி பிடித்து நிற்கும், நான் மட்டும் ஒண்டிக்கட்டையாக நிற்பேன். திரும்பி வந்து வாய்க்கு வந்தபடி பேசுவேன். "கல்லுய்யா நீ. பெத்த அப்பன்தானா நீ?" என்பேன். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே இருப்பார், குடிக்கவும் மாட்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக வரும்.

இப்படியே ஐந்து ஈஸ்டர் போனது.

ஆறாவது வருஷம். சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டுமென்று, ராத்திரியே ஊறப்போட்ட சுண்ணாம்பில் துளி நீலம் கலந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தோட்டத்தில் நாலைந்து குடும்பம் புல் பிடுங்கிக்கொண்டிருந்தது. புங்க மரத்தை நெருங்கினபோது என் பெண் மேட்டில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். மேட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, இடம் தப்பி உக்காந்துட்டே போல. அது என் பொண்ணுது" என்றேன். நல்லபடியாகத்தான் சொன்னேன்.

அவள் நிமிர்ந்தாள். என் வாளியைப் பார்த்தாள், சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைப் பார்த்தாள். சடாரென்று எழுந்து வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களாக்கா? நீங்கதானா சுண்ணாம்பு அடிச்சீங்க? தோத்திரம் ஆண்டவரே, தோத்திரம்!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலை உதறிக்கொண்டேன். அவள் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். அதே காய்ச்சல் வருஷத்தில் அவளுக்கும் ஒரு பெண் குழந்தை தவறிவிட்டது, வீட்டிலேயே. இங்கே புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வடக்கே மாற்றல் வந்துவிட்டது. ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் பெங்களூருக்குத் திரும்பியிருக்கிறார்கள். "மூணு வருஷத்துல தோண்டிடுவாங்கன்னு தெரியும்க்கா. இருக்காதுன்னுதான் வந்தேன். சும்மா இடத்தையாவது பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். வந்தா வெள்ளையா இருக்குது! பூ காஞ்சு கெடக்குது! எந்தப் புண்ணியவதின்னு..."

"நிறுத்து" என்றேன். "இது என் பொண்ணு. என் வீட்டுக்காரரு வெச்ச மேடு. நீ எதையோ எதோடயோ கலந்து பேசறே."

அவள் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. மேட்டின் தலைமாட்டில் மண்டியிட்டு, கையாலேயே மண்ணைப் பறித்தாள். ஒரு முழம் போயிருக்கும். உள்ளேயிருந்து ஒரு கல் தட்டுப்பட்டது. உடைந்த அம்மிக்கல் துண்டு. அதன் முகத்தில் உளி வைத்துக் கோணல்மாணலாக ஒரு சிலுவை வெட்டியிருந்தது. "மரம் மக்கிடும்னு எங்க வீட்டுக்காரரு எங்க வீட்டு அம்மியை உடைச்சு, சிலுவை போட்டு உள்ள வெச்சாருக்கா" என்றாள்.

நான் வாளியை வைத்தேனா போட்டேனா தெரியாது. பாதி சுண்ணாம்பு என் காலில் கொட்டியிருந்தது. "யோவ், இங்க வாய்யா!" என்று குழி வெட்டுகிறவரை நான் கூப்பிட்ட சத்தத்தில் தோட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவர் வந்தார், கல்லைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "நீங்க வந்து அடிச்சீங்க, உங்களுதுன்னு நெனச்சேன். சுண்ணாம்பு அடிச்சவங்களுதுதானேம்மா மேடு?"

"அப்போ என் பொண்ணு எங்க? ஆஸ்பத்திரியிலருந்து வந்த பொட்டி. நாலு வயசுப் பொண்ணு."

அவர் முகம் மாறியது. "ஆஸ்பத்திரியிலருந்தா? அந்தக் காய்ச்சல்ல ஆஸ்பத்திரியிலருந்து வந்த சின்னப் பொட்டி ஒண்ணே ஒண்ணுதாம்மா. எனக்கு நல்லா நெனப்பு இருக்குது. உபதேசியார் மட்டும்தான் கூட வந்தாரு. சொந்தம்னு ஒருத்தர் வரல. ஐயோ, அநாதைப் புள்ளையான்னு கேட்டேன், இல்லன்னாரு. அதை அந்தச் சுவரோரமா போட்டேன்."

"அப்பன் வந்தானே?"

"யாரும் வரலம்மா."

"எந்த மேடு? காட்டு."

அவர் காட்டவில்லை. சுவரோரம் ஏழெட்டு மேடு இருந்தது, ஒன்றிலும் வெள்ளை இல்லை. "அந்த வரிசையில யாருமே சுண்ணாம்பு அடிக்கல. பூராவும் தொறந்து மறுபடி போட்டாச்சு. எதுன்னு சொல்லுவேன்?" என்று தரையைப் பார்த்தார்.

நான் திரும்பி நடந்தேன். வாளியை எடுக்கக்கூட நினைவில்லை. அந்தப் பெண் பின்னால் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. நீலசந்திரா வரைக்கும் எப்படி வந்தேன் என்று கேட்டால் தெரியாது. ஒன்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது: அநாதைப் பிள்ளையா என்று கேட்டானாம். என் பிள்ளையைப் பார்த்து.

வீட்டு வாசலில் அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ். என் பொண்ணைப் பொதைக்கும்போது நீ எங்கய்யா இருந்தே?"

அவர் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த எண்ணெய் டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார். "யார் சொன்னாங்க?" என்றார்.

"அப்போ நெசம்தான்! அதைக் குப்பை மாதிரி வண்டியில ஏத்தி அனுப்பிட்டு எங்க இருந்தே? எந்தக் கடையில குடிச்சிக்கினு இருந்தே?" அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை. இருந்தாலும் சொன்னேன். வாயில் என்ன வருகிறதோ அதெல்லாம் சொன்னேன். லைன் வீடு என்றால் தெரியாதா, பத்துக் கதவும் திறந்துகொண்டது.

"உங்கிட்ட இருந்தேன்" என்றார்.

"இன்னாது?"

"உங்கிட்டதாமே இருந்தேன். ஆஸ்பத்திரியில." அவர் துணியால் விரல் விரலாக எண்ணெயைத் துடைத்துக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னிக்கி உனக்குப் பொழுது தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பொம்பளைங்க வார்டுல ஆம்பளையை விடமாட்டாங்க இல்ல? என்னை விட்டாங்க. விட்டாங்கன்னா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? உன் பக்கத்துல உக்காந்திருந்தேன். அப்போதான் கீழ வண்டி வந்துடுச்சு, பொட்டியை எடுக்க. உபதேசியார் வந்து கூப்பிட்டாரு. எழுந்தேன். நீ என் சட்டையைப் புடிச்சிக்கினே."

"நானா?"

"கண்ணு தொறக்கல. நெனப்பு இல்ல. ஆனா புடிச்சிக்கினே. விரலைப் பிரிச்சுப் பார்த்தேன், நீ கத்தினே. மறுபடி பிரிச்சேன், மறுபடி கத்தினே. உபதேசியார் கதவாண்ட நிக்கறாரு, வண்டிக்காரன் அவசரப்படுத்தறான். செத்துப்போனதுகூடப் போறதா, சாகக் கெடக்கறதுகிட்ட இருக்கறதா? எனக்குத் தெரியல. உக்காந்துட்டேன்."

நான் விடவில்லை. "அப்புறம் ஏன்யா பொய் சொன்னே? ஏன் யார் மேட்டையோ காட்டினே?"

"புங்க மரத்துக்கு அந்தாண்டன்னு உபதேசியார் சொன்னாரு. போய்ப் பார்த்தேன். புதுசா ஒரு சின்ன மேடு இருந்துச்சு. அதுதான்னு நெனச்சேன். நெசமா நெனச்சேன். அப்புறம் சந்தேகம் வந்துச்சு. கேக்கலாம்னா உபதேசியாரும் செத்துட்டாரு. குழி வெட்டறவர்கிட்டப் போய், பெத்த அப்பன், என் பொண்ணை எங்க பொதைச்சீங்கன்னு எப்படிக் கேக்கறது? நீயோ குச்சியாட்டம் இருந்தே. எங்க எங்கன்னு கேட்டுக்கினே இருந்தே. தெரியலன்னு சொல்லியிருந்தா நீ திரும்பப் படுத்திருப்பே."

"நான் போனா போறேன்னு விட்டுட்டு அதுகூடப் போயிருக்கணும் நீ!" என்று கத்தினேன்.

"அது என்னால முடியாது" என்றார். "இன்னைக்கும் முடியாது."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. தெருவில் இறங்கி நடந்தேன். நீலசந்திராவில் எத்தனை சந்து இருக்கிறதோ அத்தனையிலும் நடந்தேன். தெரிந்தவர்கள் கேட்டார்கள், "இன்னாம்மா, வெயில்ல?" என்று. "சும்னே" என்றேன், சும்மாதான் என்று. அவர்மேல் வந்த கோபம் இறங்கவில்லை, ஆனால் அது போய் உட்காருவதற்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. சட்டையைப் பிடித்தது நான்தானே? என் கைதானே அவள் அப்பனை அவளிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டது? எனக்கு அது நினைவில்லை என்பதால் அது என் கை இல்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்றும் அந்த வெயிலில்தான் உறைத்தது. ஆறு வருஷமாக நான் ஆண்டவரை நம்பிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். எங்கே நம்பினேன்? அவர் மறந்துவிடுவாரோ, தப்பான மேட்டைத் தட்டி எழுப்பிவிடுவாரோ என்று பயந்துபோய், வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து அவருக்கு அடையாளம் காட்டிக்கொண்டிருந்தேன். அதையும் ஒழுங்காகக் காட்டவில்லை. எவள் பிள்ளையையோ காட்டியிருக்கிறேன். இதை நினைத்ததும் நடுத்தெருவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் ஒரு மூடின கடையின் படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

சாயங்காலம் நான் வீடு திரும்பினபோது அந்தப் பெண் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். குழி வெட்டுகிறவரிடம் அடையாளம் கேட்டு வந்தாளாம். கையில் என் வாளி, கழுவித் துடைத்து. அவள் புடவை முழுக்க வெள்ளைப் புள்ளி, முடியில்கூட. வீட்டுக்காரர் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"உன் மேல கோவம் இல்லம்மா" என்றேன். பொய்தான். அவள்மேலும் கோபம் இருந்தது. அவளுக்குக் கிடைத்துவிட்டதே என்று வயிறு எரிந்தது. சொன்னால் என்ன, இத்தனை வருஷம் கழித்து.

அவள் வாளியை வைத்துவிட்டுத் தயங்கினாள். "மிச்சம் இருந்த சுண்ணாம்பை அடிச்சிட்டேன்க்கா."

"அடி. உன் பொண்ணுதுதானே, நீ அடிக்காம யாரு அடிப்பா?"

"அதுக்கு இல்ல. அதுக்கு நீங்க போன வருஷம் அடிச்சதே போதும். சுவரோரமா அடிச்சேன். உங்க பொண்ணு எதுன்னு தெரியல. அதனால எல்லாத்துக்கும் அடிச்சேன். பத்தல. எங்க வீட்டுக்காரரை ஓட விட்டு இன்னும் கொஞ்சம் வாங்கியாரச் சொல்லி அடிச்சேன். கடைசி ரெண்டு கொஞ்சம் திட்டுத்திட்டாத்தான் இருக்குது. காயட்டும், சரியாயிடும்."

அவளுக்கு அங்கே ஏழெட்டு மேடுகள் யாருடையவையோ. ஒரு சின்னப் பிள்ளை அதில் எங்கேயோ இருக்கிறது என்பது தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. மத்தியான வெயிலில் மண்டி போட்டு, ஒவ்வொன்றாக அடித்திருக்கிறாள். நான் ஆறு வருஷம் அவள் பிள்ளைக்குச் செய்தது தெரியாமல் செய்தது, அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. இவள் தெரிந்து செய்தாள்.

"உக்காரு, காப்பி போடறேன்" என்றேன். அதுதான் வந்தது. அவள் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனாள். இரண்டு பேரும் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வடக்கே அரிசி கிடைக்காது, கோதுமை தின்று வயிறு போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ராத்திரி தட்டில் சோற்றை வைத்து வீட்டுக்காரர் பக்கம் தள்ளினேன். அவர் சாப்பிட்டார்.

ஈஸ்டர் விடியற்காலை நான் கிளம்பினபோது அவர் பாயில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். வாங்க என்று நான் கூப்பிடவில்லை. வருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் வழக்கம்போல் கூட்டம். பனி விழுந்துகொண்டிருந்தது. கிழக்கே லேசாக வெளுக்க ஆரம்பித்திருந்தது. புங்க மரத்தடியில் அந்தப் பெண்ணும் அவள் வீட்டுக்காரரும் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் வந்து பக்கத்தில் நிற்கும்படி அவள் கை காட்டினாள். தலையை ஆட்டிவிட்டுச் சுவரோரம் போனேன். அவள் சொன்ன மாதிரியே எல்லா மேடும் வெள்ளையாக இருந்தது. முதல் மேட்டின் தலைமாட்டில் நின்றேன். இதுவாக இருக்காதோ என்று தோன்றியது, அடுத்ததற்குப் போனேன். அங்கேயும் கால் தரிக்கவில்லை, அதற்கடுத்ததற்குப் போனேன். ஐயர் ஜெபத்தை முடித்தார், பாட்டு எழும்பியது, சுற்றிலும் அத்தனை பேரும் அவரவர் ஆளிடம் நின்று வாய் நிறையப் பாடினார்கள். நான் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் மேலும் கீழுமாக நடந்துகொண்டே இருந்தேன். எந்த இடத்தில் நின்றாலும் அவள் இன்னொரு இடத்தில் இருக்கிற மாதிரியே இருந்தது.

அப்படித் திரும்பும்போதுதான் கேட் கண்ணில் பட்டது. வெளியே, கேட்டுக்கு அந்தப் பக்கம், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். உள்ளே வரவில்லை. கம்பி வழியாகச் சுவரோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாக ஷிஃப்டும் இல்லை, பஞ்சரும் இல்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. ஒருவேளை வருஷா வருஷம் இப்படித்தான் வந்து நின்றாரோ என்னவோ. நான் கேட்கவே இல்லை, கடைசி வரைக்கும்.

பாட்டு பாதியில் இருக்கும்போது நான் பாட்டுக்கு அத்தனை பேர் நடுவே நடந்து கேட்டுக்குப் போனேன். ஐயர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க இன்னாத்துக்கு நிக்கறே?" என்றேன்.

"நான் வர்ல. நீ போ" என்றார். "எந்த மூஞ்சை வெச்சிக்கினு அது எதிர்ல வந்து நிக்கறது?"

"இருக்கற மூஞ்சை வெச்சிக்கினு வா. அது எங்கருந்து வேணா எழட்டும், அது ஆண்டவர் பாடு. எழுந்து பார்க்கும்போது நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் நின்னா, கொழந்தை யார்கிட்டய்யா ஓடி வரும்? சேர்ந்து நின்னாதான்யா அதுக்கு நம்மளைத் தெரியும்."

அவர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.